பட்ஜெட்டில் காரை இறக்குவது: புதுச்சேரி, கடலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்விஃப்ட், ஐ20, போலோ, பழைய சிட்டி, ஜென் என்று ஏதோ ஒரு காரை வைத்துக்கொண்டு, டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவில் தெரியும் அந்த இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் லட்சக்கணக்கில் பணம் இல்லை, ஆனால் கார் கொஞ்சம் தாழ்ந்து நிற்க வேண்டும், ஓட்டவும் நன்றாக இருக்க வேண்டும். அது முடியும். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பள்ளத்திலும் மேட்டிலும் சக்கரம் மேலே ஏறி இறங்க கார் கம்பெனி ஓர் அளவு இடம் விட்டிருக்கிறது. நீங்கள் இறக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்த இடத்திலிருந்துதான் கழிகிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்தக் கணக்கைச் சுற்றித்தான் வரும்.

நம்ம ஊர் ரோட்டுக்கு எவ்வளவு இறக்கலாம்?

என்னைக் கேட்டால் 25 மி.மீ., அதிகம் போனால் 30. கண்ணுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

40 இறக்கினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ., முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2450 மி.மீ. இந்திய சாலைக் காங்கிரஸ் (ரோடு போடும் அளவுகளை வகுக்கும் அமைப்பு) விதிப்படி கட்டிய வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், மேல்பக்கம் 17 மீட்டர் ஆரத்தில் மெதுவாக வளைந்திருக்கும். காரின் நடு வயிறு அதன் உச்சிக்கு வரும்போது நாலு சக்கரமும் இன்னும் அந்த மேட்டின் மேலேதான் நிற்கும், அதனால் அடியில் குறைவது வெறும் 44 மி.மீ. போலத்தான். 40 இறக்கிய ஸ்விஃப்ட்டுக்குக்கூட அங்கே 80 மி.மீ. அளவுக்கு மிச்சம் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால் அப்படி விதிப்படி கட்டிய வேகத்தடை எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதுதான். முதலியார்பேட்டை, வில்லியனூர் உள்தெருக்களிலோ மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் சந்துகளிலோ தெருக்காரர்கள் சிமென்ட் கலந்து போட்ட ஒரு குறுகலான மேட்டை நினைத்துப் பாருங்கள், உயரம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் முன் சக்கரம் தாண்டி சமதளத்தில் இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, மேடு மட்டும் நடுவில் முழு உயரத்துக்கு நிற்கும். 163-லிருந்து 120 போனால் 43. அதில் 40 நீங்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள், மிச்சம் 3 மி.மீ. பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தாலே அதுவும் போய்விடும், சைலன்சர் பைப் கிறீச் என்று தேயும். இன்னொன்று, விளம்பரத்தில் போடும் தரை இடைவெளி பல கார்களுக்கு ஆள் ஏறாமல் அளந்தது, குடும்பத்தோடு போகும்போது அந்த எண் கிடையாது.

அதனால் இணையத்தில் யாரோ வெளிநாட்டுக்காரர் 50 இறக்கினார் என்பதை விட்டுவிடுங்கள். ஒரு டேப்பும் நூலும் எடுத்துக்கொண்டு போய் உங்கள் தெரு, வேலைக்குப் போகும் வழி, மாமனார் வீட்டு வாசல் சாய்தளம், இந்த மூன்றிலும் இருக்கும் மோசமான மேட்டை அளந்து பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள். குறுகலான மேட்டில் காரைக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றினால் கொஞ்சம் இடம் கிடைக்கும், ஆனால் பின்னாடி பஸ் ஹாரன் அடிக்கும்போது தினமும் அதைச் செய்ய முடியுமா என்பதையும் யோசியுங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டுவதுதான் மலிவு என்கிறார்கள், வெட்டலாமா?

இதற்கு ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்வது நியாயமாக இருக்காது, ஏனென்றால் எல்லா ஸ்பிரிங்கும் ஒன்றில்லை.

ஒரு சுருள் ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்றுகள் குறையக் குறைய அது விறைப்பாகும். 6 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் மிச்சம் 5, விறைப்பு 20 சதவீதம் கூடும். அரைச் சுற்று வெட்டினால் சுமார் 9 சதவீதம். தாழ்ந்த காருக்குக் கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங் தேவை என்பதால் இது கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன், சக்கரம் ஏறி இறங்கும் இடம் குறைந்திருக்கும்போது ஸ்பிரிங் சீக்கிரம் எதிர்த்து நிற்பது நல்லதுதான். அரைச் சுற்றுக்கு மேல் போகாமல், சரியான நுனியை, சரியான கருவியால் வெட்டினால் கார் ஓட்டும்படி இருக்கும்.

எங்கே வெட்டவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங்கின் இரண்டு நுனியையும் பாருங்கள். நுனி உள்பக்கமாகச் சுருங்கி வட்டம் சின்னதாகப் போனால், அல்லது கடைசிச் சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டித் தட்டையாக உட்கார்ந்திருந்தால், அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள், வெட்டினால் அது ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணத்தில் சரியாக உட்காராது. இரண்டு பக்கமும் அப்படி இருந்தால் அந்த ஸ்பிரிங் வெட்டுவதற்கானதே கிடையாது, வேறு வழி பாருங்கள். ஒரு பக்கமாவது கம்பி நறுக்கென்று முடிந்து, கிண்ணத்தில் இருக்கும் பள்ளத்தில் அந்த நுனி பொருந்துகிற மாதிரி இருந்தால் மட்டும் வெட்டலாம். வெட்டிய பிறகு புது நுனியும் அதே பள்ளத்தில் போய் முட்டி நிற்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒரு சோதனை இருக்கிறது, பட்டறைகளில் பலர் இதைச் செய்வதில்லை. காரை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை முழுசாகத் தொங்க விடுங்கள். அந்த நிலையிலும் ஸ்பிரிங் இரண்டு பக்கமும் இறுகி உட்கார்ந்திருக்க வேண்டும். கையால் ஆட்டினால் ஆடுகிறது, சுற்றினால் சுற்றுகிறது என்றால் அதிகமாக வெட்டிவிட்டீர்கள். பள்ளத்தில் சக்கரம் தொங்கும் ஒரு நொடியில் ஸ்பிரிங் இடம் மாறும், பின்பக்கம் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் (ஷாக் அப்சார்பர்) தனியாகவும் இருக்கும் கார்களில் அது கழன்று வெளியே விழவும் விழும்.

எத்தனை சுற்று வெட்டினால் எவ்வளவு இறங்கும்?

கார் தரையில் நிற்கும்போது, அதாவது பாரம் ஏறிய நிலையில், ஒரு சுற்றின் கம்பி நடுவிலிருந்து அடுத்த சுற்றின் கம்பி நடு வரை அளந்து பாருங்கள். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகக் கோத்த தூண்) உள்ள முன்பக்கத்தில் ஒரு முழுச் சுற்று வெட்டினால் ஏறத்தாழ அந்த அளவுதான் இறங்கும். 40 மி.மீ. இருந்தால் அரைச் சுற்றுக்கு 20. பின்பக்கம் ஸ்பிரிங் சக்கரத்துக்கு முன்னால், சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருக்கும் கார்களில் சக்கரம் இருக்கும் இடத்தில் இறக்கம் இதைவிடக் கூடுதலாக வரும், அதனால் பின்னாடி இன்னும் குறைவாக வெட்டுங்கள்.

கால் சுற்று, மாட்டிப் பார், அளந்து பார், போதவில்லை என்றால் இன்னொரு கால் சுற்று. இதற்கு மெக்கானிக் அலுத்துக்கொள்வார், கூலி கொஞ்சம் கூடும், கொடுத்துவிடுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. இடது வலது இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே இடத்தில் குறி போட்டு வெட்ட வேண்டும்.

வெட்டுவது ஆங்கிள் கிரைண்டரில், மெல்லிய கட்டிங் வீல் போட்டு, நடுநடுவே ஆறவிட்டு. வெட்டிய முனையைத் தேய்த்து மழுங்கடித்து, துரு தடுக்கும் பிரைமரும் பெயின்ட்டும் அடித்துவிட்டு மாட்டுங்கள்.

கேஸ் வைத்துச் சூடு காட்டினால் தானாக இறங்கிவிடும் என்று ஒருவர் சொன்னார். ஸ்பிரிங்கைக் கழற்றவே வேண்டாமாம்.

வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் எஃகுக்கு அந்தத் துள்ளும் குணம் வந்ததே பக்குவமாகக் காய்ச்சி, தணித்து, பதம் ஏற்றியதால்தான். செக்கச்செவேல் என்று பழுக்கக் காட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். அந்தச் சுற்று அமுங்கி உட்காரும், எவ்வளவு உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது, இடது வலது ஒரே மாதிரி வராது, நாள் போகப் போக இன்னும் உட்காரும், கடைசியில் பதம் இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் நடுவில் முறியும். பக்கத்தில் பிரேக் ஹோஸ், ஷாக்கின் ஆயில் சீல், ரப்பர் எல்லாம் இருப்பதையும் நினைத்துப் பாருங்கள். கேஸ் கட்டிங்கில் ஸ்பிரிங்கை அறுப்பதும் இதே கதைதான். இப்படிச் செய்யச் சொல்லும் பட்டறையில் வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள்.

ரெடிமேட் லோயரிங் ஸ்பிரிங் வாங்கினால்?

காசு இருந்தால் இதுதான் சரியான வழி. ஐபாக், எச் அண்ட் ஆர், டைன் மாதிரி வெளிநாட்டுக் கம்பெனிகள், அப்புறம் நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் கோப்ரா. செட் விலை பத்தாயிரத்தைத் தாண்டும், வெளிநாட்டுப் பெயர் என்றால் அதற்கு மேலேயும் நல்லாவே போகும். உங்கள் காரின் எடைக்கு எவ்வளவு விறைப்பு, எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டுச் சுருட்டிய ஸ்பிரிங் என்பதால், சக்கரம் தொங்கும்போதும் இறுகித்தான் இருக்கும். சில செட்டில் சுற்றுகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும், சின்ன அதிர்ச்சிக்கு மெதுவாகவும் பெரிய அடிக்கு விறைப்பாகவும் நடந்துகொள்ள அப்படிச் செய்கிறார்கள்.

வாங்கும்போது பெட்டியில் உங்கள் காரின் வருஷமும் இன்ஜினும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டீசல் இன்ஜின் கனம் கூடுதல், பெட்ரோல் காருக்கான முன் ஸ்பிரிங்கை டீசலில் போட்டால் மூக்கு இன்னும் குனியும்.

பழைய செட் கிடைத்தால் எடுக்கலாம், துரு இல்லாமல், யாரும் வெட்டாமல் இருந்தால். கம்பியில் பெயின்ட் உரிந்து பொடிப் பொடியாகத் துரு குழிந்திருந்தால் வேண்டாம், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

காயில்ஓவர்?

ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தே வரும் செட் இது, உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கலாம், அருமையான சாமான். செட் விலை பெரும்பாலும் அறுபதாயிரம், லட்சம் என்று போகும். பட்ஜெட் என்று ஆரம்பித்த பேச்சில் இதற்கு இடம் இல்லை. விலையைப் பார்த்துப் பெயர் தெரியாத மலிவு செட் வாங்குவதைவிட, நல்ல ஸ்பிரிங்கும் நல்ல சாதா ஷாக்கும் போடுவது எவ்வளவோ மேல்.

ஷாக்கையும் மாற்ற வேண்டுமா? அது இன்னும் லீக் ஆகவில்லையே.

பட்ஜெட் வேலையில் பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது, ஷாக் அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது. விறைப்பான ஸ்பிரிங் அமுங்கி எழும்போது வேகமாக எழும், அதை அடக்க ஷாக்குக்குக் கூடுதல் பலம் வேண்டும். எழுபதாயிரம் எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஷாக், வெளியே ஒரு சொட்டு எண்ணெய் கசியாவிட்டாலும், உள்ளே தளர்ந்துதான் இருக்கும். அதன் மேல் புது ஸ்பிரிங்கைப் போட்டால் ஈ.சி.ஆரில் காலாப்பட்டு தாண்டி நூறு போகும்போது ஒரு பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியதும் கார் இரண்டு மூன்று தடவை துள்ளிக்கொண்டே போகும், அப்போது ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடும். அது பயப்பட வேண்டிய விஷயம்.

சாதாரண ஹேட்ச்பேக்குக்கு கேப்ரியல் மாதிரி நம் ஊர்த் தயாரிப்பு ஷாக் நாலையும் புதிதாகப் போடுவது ஒரு லோயரிங் ஸ்பிரிங் செட்டைவிடப் பெரும்பாலும் மலிவு. 25 மி.மீ. இறக்கத்துக்குப் புது சாதா ஷாக் போதும். அதற்கு மேல் இறக்கினால் உள்ளே பிஸ்டன் எப்போதும் கீழ்ப் பகுதியிலேயே ஓடும், பெரிய பள்ளத்தில் அடி தட்டும், ஷாக் சீக்கிரம் போகும்.

கூடவே பம்ப் ஸ்டாப் ரப்பரைப் பாருங்கள், ஷாக்கின் தண்டில் கோத்திருக்கும் மஞ்சள் அல்லது கறுப்புக் கட்டை. சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது இரும்பும் இரும்பும் முட்டாமல் காப்பது அதுதான். இறக்கிய காரில் அது சீக்கிரமே முட்ட ஆரம்பிக்கும், அதனால் சிலர் எடுத்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள். ஸ்பிரிங் செட்டோடு வந்த தாளில் வெட்டச் சொல்லியிருந்தால் சொன்ன அளவு மட்டும் வெட்டுங்கள், இல்லையென்றால் அப்படியே விடுங்கள், பொடிந்து போயிருந்தால் புதிது போடுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றியிருக்கும்போதே மேலே உள்ள ஸ்ட்ரட் மவுன்ட், பேரிங் இரண்டையும் பார்த்து மாற்றிவிட்டால் இன்னொரு தடவை கூலி கொடுக்க வேண்டியதில்லை.

ஸ்பிரிங்கைத் தொடாமல் டயர், வீல் மாற்றியே தாழ்வாகக் காட்ட முடியாதா?

முடியும், கொஞ்சம். 165/80 ஆர்14 டயரின் மொத்த உயரம் சுமார் 620 மி.மீ. அதே வீலில் 185/65 ஆர்14 போட்டால் 596. கார் 12 மி.மீ. இறங்கும். ஆனால் டயரும் சின்னதாகிவிட்டதால் ஆர்ச்சில் இடைவெளி கூடத்தான் தெரியும், ஸ்பீடோமீட்டர் 4 சதவீதம் கூட்டிக் காட்டும். தோற்றத்துக்காக என்றால் இதில் லாபம் இல்லை.

மொத்த உயரம் மாறாமல் அகலமான டயர் போட்டு வீல் ஆர்ச்சை நிறைப்பது வேறு, 185/65 ஆர்15 கிட்டத்தட்ட அதே 621 மி.மீ. வரும். சிலருக்கு அதைப் போட்டுப் பார்த்ததுமே இறக்கும் ஆசை அடங்கிவிடும். உங்கள் கார் மாடலின் டாப் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் வீல், டயர் அளவு என்றால் தைரியமாகப் போடலாம், பாரம் தாங்கும் எண் மட்டும் குறையக் கூடாது.

இறக்கினால் வளைவில் சாயாமல் போகும் என்பது உண்மையா?

ஓரளவு வரைக்கும். கனம் தாழ்வதால் நல்லதுதான். ஆனால் முன்பக்க லோயர் ஆர்மை, அதாவது சக்கரத்தைக் கீழே காரின் உடம்போடு இணைக்கும் கையைக் கவனியுங்கள். கம்பெனி உயரத்தில் அது ஏறக்குறைய படுக்கையாகவோ, சக்கரம் பக்கம் சற்றுத் தாழ்ந்தோ இருக்கும். அதிகம் இறக்கினால் சக்கரம் பக்கம் உயர்ந்து ஆர்ம் மேல்நோக்கிப் போய்விடும். ஸ்ட்ரட் சஸ்பென்ஷனில் அப்படி ஆகும்போது, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி கார் இறங்கியதைவிட வேகமாகக் கீழே போகிறது, சாய்க்கும் நெம்பு நீளமாகிறது. 60 மி.மீ. இறக்கிய கார் அழகாக நின்றாலும் வளைவில் பழைய காரைவிட மோசமாகச் சாய்வதற்குக் காரணம் அது. அதுபோக ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறி, மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். 25, 30 என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு வேகத்தடை மட்டும் காரணம் கிடையாது.

அலைன்மென்ட் எப்போது பார்க்க வேண்டும்?

மாட்டிய அன்றைக்கு ஒருமுறை, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை. ஒரு தடவைக்குச் சில நூறு ரூபாய்தான், இதில் மிச்சம் பிடித்தால் டயரில் ஆயிரக்கணக்கில் போகும். இறக்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கம் கொஞ்சம் சாயும், அது கேம்பர், அளவோடு இருந்தால் டயரைப் பெரிதாகத் தின்னாது. சக்கரங்கள் முன்னாலோ பின்னாலோ ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருப்பது டோ, அது தப்பினால் டயர் சில மாதத்தில் மொட்டையாகிவிடும். அலைன்மென்ட் கடையில் டோவைச் சரிசெய்து தருவார்கள். கேம்பர் அதிகம் போயிருந்தால் ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டுக்குப் பதிலாகக் கேம்பர் போல்ட் போட்டுச் சரிசெய்யலாம்.

இதோடு சேர்ந்த ஒரு விஷயம், தயவுசெய்து மெக்கானிக்கிடம் கேட்டு வாங்குங்கள். லோயர் ஆர்ம் புஷ் போல்ட்களைக் கார் ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் இறங்கி, காரின் பாரம் ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்து, கடக் கடக் சத்தம் ஆரம்பிக்கும்.

பின்னாடி மட்டும் இறக்கினால் போதுமா? முன்னாடி மட்டும்?

இரண்டும் வேண்டாம். முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவு, அல்லது முன்னாடி சில மில்லிமீட்டர் கூடுதல். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். பண்ருட்டி சாலையில் ராத்திரி கரும்பு டிராக்டருக்குப் பின்னால் விளக்கே இல்லாமல் சைக்கிள் வருவதைப் பார்த்தவர்களுக்கு ஹெட்லைட் சரியாக விழுவது எவ்வளவு முக்கியம் என்று தெரியும். இறக்கி முடித்ததும் ஹெட்லைட் உயரத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக் விஷயமும் உண்டு. சில கார்களில், முக்கியமாகப் பழைய மாடல்களில், பின் அச்சோடு ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ இணைத்து ஒரு வால்வு இருக்கும். பின்னாடி பாரம் ஏறி உடம்பு தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. நீங்கள் காரை இறக்கினால் அது பாரம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும், காலியான காரில் பின் சக்கரம் முதலில் லாக் ஆகும், மழையில் வால் வீசும். காரின் அடியில் அந்த வால்வு இருந்தால், இறக்கிய பிறகு அதன் இணைப்பையும் புது உயரத்துக்கு ஏற்ப மாற்றியே ஆக வேண்டும்.

ஆம்னியில் லீஃப் தட்டு ஒன்றை எடுத்துவிட்டால் இறங்கிவிடுமே?

இறங்கும், தாங்கும் சக்தியும் போய்விடும். மிச்சத் தட்டுகள் சீக்கிரம் உடையும். ஆள் ஏற்றும் வண்டியில் அந்த வேலை வேண்டாம்.

வீட்டு வாசலிலேயே நானும் நண்பனும் சேர்ந்து செய்யலாமா?

பின்பக்கம் ஸ்பிரிங் தனியாக இருக்கும் கார்களில் பின் வேலையைக் கவனமாகச் செய்யலாம், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைத்து, சமதளத்தில். முன் ஸ்ட்ரட்டை வேண்டாம் என்பேன். அதில் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் பூட்டியிருக்கிறது. மேல் நட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங் கம்ப்ரஸர் நழுவினால் முகத்துக்கும் கைக்கும் வரும் அடி சாதாரணமாக இருக்காது. ஸ்ட்ரட்டை நீங்களே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய், நல்ல கம்ப்ரஸர் வைத்திருக்கும் பட்டறையில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வாங்கி வந்தால் கூலியில் பாதி மிச்சம்.

போலீஸ், ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?

இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவு விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. 25 மி.மீ. இறக்கியதை யாரும் டேப் வைத்து அளக்க மாட்டார்கள் என்று தைரியம் சொல்வார்கள், ஆனால் சட்டத்தில் அதற்கென்று தனி விலக்கு எழுதி வைக்கவில்லை. பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது வண்டியைக் காட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். புதுச்சேரி வண்டி முள்ளோடை தாண்டி கடலூருக்குள் வந்தாலும், கடலூர் வண்டி இந்தப் பக்கம் வந்தாலும், இரண்டு இடத்திலும் இது ஒரே மத்தியச் சட்டம்தான். செய்வதற்கு முன்னால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வெட்டிய ஸ்பிரிங்கைக் கண்டுபிடித்தால், சொந்தச் சேதத்துக்கான கிளெய்மில் கேள்வி வரும், வெட்டிய ஸ்பிரிங் என்றால் வாதாட உங்களிடம் ஒரு பில்கூட இருக்காது.

மழைக்காலத்தில் என்ன ஆகும்?

வெளியூர்க்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, நாம் கேட்டே ஆக வேண்டும். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் தண்ணீரில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்ஜின் காற்று இழுக்கும் வாய், கதவின் அடிவிளிம்பு, வயரிங் சாக்கெட் எல்லாம் உடம்போடு சேர்ந்தே இறங்குகின்றன. 30 மி.மீ. இறக்கினால் தண்ணீர் 30 மி.மீ. சீக்கிரமாக அங்கே வந்து சேரும். முன்பு மெதுவாகக் கடந்துபோன சுரங்கப்பாதைத் தண்ணீரில் இனி போகாதீர்கள், லாரி எதிரே வந்தால் எழும் அலை ஒன்று போதும். நவம்பர், டிசம்பரில் வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் இடத்தில் இருப்பவர்கள், இது உங்களுக்கு ஒரே கார் என்றால், இறக்காமல் இருப்பதே மேல் என்று மனதாரச் சொல்கிறேன்.

கடல் காற்றும் உண்டு. சில்வர் பீச் பக்கமோ கடற்கரைச் சாலைப் பக்கமோ தினமும் நிற்கும் காரில் ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்றில் மணலும் உப்பும் சேரும். கம்பெனி ஸ்பிரிங்கிலாவது மேல் பூச்சு கெட்டியாக இருக்கும், வெட்டிய முனையில் நீங்கள் அடித்த பெயின்ட்தான் காவல். வாரம் ஒருமுறை அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீலைக் கழற்றி அந்த முனையைப் பார்த்து மறுபடி பெயின்ட் அடியுங்கள்.

மொத்தம் என் கையில் இருபத்தைந்தாயிரம். எதில் போடுவது?

முதலில் காரில் ஏற்கெனவே தேய்ந்திருக்கும் புஷ், லிங்க் ராடு, பால் ஜாயின்ட். இவை ஆடும்போது இறக்கினால் சத்தம் இரண்டு மடங்காகும், அப்புறம் ஸ்பிரிங்கைத்தான் குறை சொல்வீர்கள். அடுத்து புது ஷாக், பம்ப் ஸ்டாப், ஸ்ட்ரட் மவுன்ட். மிச்சம் இருப்பதில் இந்தியத் தயாரிப்பு லோயரிங் ஸ்பிரிங் வருகிறதா என்று பாருங்கள், வரவில்லை என்றால் இரண்டு மாதம் பொறுங்கள், புது ஷாக்கோடு கம்பெனி உயரத்திலேயே ஓட்டுங்கள், அதுவே கார் எப்படி மாறுகிறது என்று காட்டிவிடும். அலைன்மென்ட் இரண்டு முறைக்கும் ஹெட்லைட் சரிபார்ப்புக்கும் தனியாக ஆயிரம் இரண்டாயிரம் ஒதுக்கி வையுங்கள். அலாய் வீல், ஸ்டிக்கர் எல்லாம் கடைசியில்.

பிடிக்கவில்லை என்றால் பழையபடி ஏற்ற முடியுமா?

லோயரிங் ஸ்பிரிங் வாங்கிப் போட்டிருந்தால் முடியும், அதற்காகவே பழைய ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். எந்தப் பக்கம், எது மேல் என்று பெயின்ட்டில் குறித்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் வையுங்கள். காரை விற்கும்போதும் வாங்குபவர் அதைத்தான் கேட்பார். வெட்டிய ஸ்பிரிங் என்றால் அதே மாடலின் புது ஸ்பிரிங்கோ, விபத்தில் அடிபடாத பக்கத்திலிருந்து எடுத்த பழைய ஜோடியோ வாங்க வேண்டும். வெட்ட நினைப்பவர்கள் முதலிலேயே பழைய ஜோடி ஒன்றை வாங்கி அதை வெட்டிப் பாருங்கள், உங்கள் காரோடு வந்தது முழுசாக அப்படியே இருக்கட்டும்.